முதலாளியை வேலையைவிட்டுத் தூக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை 2025 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்ட கதையைப் போன இதழில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் 'வீரர்களுக்கு இவ்வளவு திமிரா?' என்கிறார்கள். மீதிப் பேர் 'முதலாளிகளுக்கு இவ்வளவு அதிகாரமா?' என்கிறார்கள். இரண்டு தரப்பும் படித்தது ஒரே கட்டுரையைத்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பல வருடம் தொழிற்சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார்ந்தவன். நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

கேள்வி: ஒரு வீரரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இன்னோர் அணிக்கு அனுப்ப முடியுமா? அவர் 'போக மாட்டேன்' என்றால் என்ன ஆகும்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: தாராளமாக அனுப்பலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் வீரர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை அணி அப்படியே இன்னோர் அணிக்குக் கைமாற்றிவிட முடியும். வீரரின் சம்மதம் தேவையில்லை. 'என்னைக் கேட்காமல் டிரேடு செய்யக் கூடாது' என்ற ஷரத்தைக் கேட்டு வாங்கவே, லீகில் 8 வருடம் ஆடியிருக்க வேண்டும், அதில் 4 வருடமாவது அதே அணிக்கு ஆடியிருக்க வேண்டும். அப்படிக் கேட்டாலும் அணிகள் லேசில் தருவதில்லை. அடம்பிடித்து வீட்டில் உட்கார்ந்தால் சம்பளம் நின்றுவிடும்.

டான்சிச் விஷயத்தில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அந்தக் கோடைக்காலம் வரை டல்லாஸில் இருந்திருந்தால் 'சூப்பர் மேக்ஸ்' எனப்படும் உச்சபட்ச ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்திருக்கும். 5 வருடத்துக்கு ஏறத்தாழ 34.5 கோடி டாலர். ஆரம்பத்திலிருந்து வளர்த்த அணியோடு மட்டுமே போடக்கூடிய ஒப்பந்தம் அது. அணி மாறியவுடன் தகுதி போயிற்று. பிறகு லேக்கர்ஸோடு 3 வருடத்துக்கு 16.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். பட்டினி கிடக்கவில்லை, சரி. ஆனால் தான் செய்யாத முடிவுக்குத் தான் அபராதம் கட்டுவது எந்தத் தொழிலில் நியாயம்?

டல்லாஸ் ரசிகர்கள் மாதக்கணக்கில் அரங்கத்தில் 'ஃபயர் நிக்கோ' என்று கத்தினார்கள். பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை அதே வருட நவம்பரில் நீக்கினார்கள். அந்த டிரேடுக்குத் தலையாட்டிய உரிமையாளர் தரப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: 'பயிற்சியாளரை மாற்று' என்று சொல்லும் தைரியம் வீரர்களுக்கு எப்போது வந்தது? லெப்ரான் ஜேம்ஸ் காலத்திலா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: லெப்ரான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 1981 நவம்பர் 18. சால்ட் லேக் சிட்டியில் யூட்டா ஜாஸை லேக்கர்ஸ் தோற்கடித்தது, தொடர்ந்து ஐந்தாவது வெற்றி. ஜெயித்த அணியின் உடைமாற்றும் அறையில் மேஜிக் ஜான்சன் நிருபர்களைக் கூப்பிட்டு, தன்னால் இனி இங்கே ஆட முடியாது, வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். வயது 22. பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் ஆட்டமுறை அவருக்குப் பிடிக்கவில்லை. அணிக்கு ஒன்றரை வருடம் முன்புதான் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் வெஸ்ட்ஹெட். மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

உரிமையாளர் ஜெர்ரி பஸ் அந்த ஜூன் மாதம்தான் மேஜிக்குக்கு 25 வருடம், 2.5 கோடி டாலர் என்று ஒரு விசித்திர ஒப்பந்தம் போட்டிருந்தார். 'இவன் வீரனா, நிர்வாகமா?' என்று அணியின் மூத்த நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் அப்போதே முணுமுணுத்திருந்தார். புதிய பயிற்சியாளர் யார் என்று அறிவித்த செய்தியாளர் கூட்டமே ஒரு கூத்து. முன்னாள் வீரர் ஜெர்ரி வெஸ்ட்டும் உதவிப் பயிற்சியாளர் பாட் ரைலியும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள் என்கிற மாதிரி பஸ் குழப்ப, வெஸ்ட் மைக்கைப் பிடித்து 'நான் ரைலிக்கு உதவத்தான் வருகிறேன்' என்று சரிசெய்ய வேண்டியதாயிற்று. அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் மேஜிக்கைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். ஆனால் அந்த சீசனின் முடிவில் கோப்பை லேக்கர்ஸுக்குத்தான்.

மேஜிக் வாயைத் திறப்பதற்கு முன்பே வெஸ்ட்ஹெட்டை நீக்க முடிவு செய்துவிட்டேன் என்றார் பஸ். யாரும் நம்பவில்லை. நானும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் தொழிலாளி மேல் விழ வேண்டிய பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட முதலாளியை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: பயிற்சியாளரைத் தூக்கலாம், மேலாளரைத் தூக்கலாம். முதலாளியைத் தூக்க முடியுமா? (பள்ளி உடற்கல்வி ஆசிரியை)

பதில்: முடியும், மற்ற முதலாளிகள் மனது வைத்தால். 30 அணிகளின் உரிமையாளர்களும் சேர்ந்த வாரியத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு, அதாவது 23 பேர், வேண்டும். அவர்களை லீகின் தலைமை நிர்வாகியான கமிஷனர் கூட்டிப் பேச வேண்டும். கமிஷனருக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

2014-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. அணியில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். பிளே ஆஃப் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 27 அன்று ஓக்லாந்தில் நான்காவது ஆட்டம். கிளிப்பர்ஸ் வீரர்கள் மைதானத்தின் நடுவட்டத்துக்கு வந்தார்கள், அணியின் பெயர் போட்ட மேல்சட்டையைக் கழற்றித் தரையில் குவித்தார்கள், உள்ளே சிவப்பு பனியனை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். அது யாருக்கு வேண்டும்?

இரண்டே நாளில் கமிஷனர் ஆடம் சில்வர் ஸ்டெர்லிங்குக்கு ஆயுட்காலத் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். அந்த வேகத்துக்குக் காரணம் வெறும் அறச்சீற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரணி வீரர்களும் சேர்ந்து மைதானத்தைவிட்டு வெளியேறத் தயாராக இருந்தார்கள். விளம்பரதாரர்கள் ஏற்கெனவே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்டெர்லிங் 1981-இல் அந்த அணியை வாங்கியது 1.25 கோடி டாலருக்கு. விரட்டப்பட்டபோது ஸ்டீவ் பால்மர் அதை வாங்கியது 200 கோடி டாலருக்கு. எங்கள் காலத்தில் தொழிலாளியை நீக்கினால் கணக்கு முடித்துக் கொடுப்பார்கள், அந்தத் தொகைக்கே மூன்று மாதம் அலைய வேண்டும். முதலாளியை நீக்கினால் 160 மடங்கு!

கேள்வி: வீரர் அணியைவிட்டுப் போனதும் உரிமையாளர் திட்டிக் கடிதம் எழுதிய கதை உண்மையா?

பதில்: உண்மை. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லேண்டைவிட்டு மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவித்த ராத்திரியே, உரிமையாளர் டான் கில்பர்ட் அணியின் இணையதளத்தில் ஆவேசமாக ஒரு கடிதம் போட்டார். லெப்ரானுக்கு முன்பாக நாங்கள் கோப்பை வெல்வோம் என்ற சபதமும் அதில் இருந்தது. எழுத்துரு காமிக் சான்ஸ், சித்திரக்கதைப் பாணி எழுத்து. கோபத்தில் எழுத்துரு பார்த்துக்கொண்டிருக்க முடியாதுதான், ஆனாலும்! லீக் அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2014-இல் லெப்ரான் திரும்பி வரலாம் என்ற பேச்சு அடிபட்டபோதுதான் கடிதம் தளத்திலிருந்து காணாமல் போனது. கில்பர்ட் நேரில் போய் வருத்தம் தெரிவித்தார். கிளீவ்லேண்ட் கோப்பையை வென்றது 2016-இல், லெப்ரானோடு.

கேள்வி: வீரரே முதலாளி ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (தனியார் நிறுவன மேலாளர்)

பதில்: மைக்கேல் ஜோர்டனைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

1998-இல் லீகில் கதவடைப்பு. சம்பளத்துக்கு வரம்பு வைக்க வேண்டும், எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர்கள் பேச்சுவார்த்தையில் மூக்கால் அழுகிறார்கள். ஜோர்டன் எழுந்து, வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஏப் போலினிடம், லாபம் பார்க்க முடியவில்லையென்றால் அணியை விற்றுவிட வேண்டியதுதானே என்று முகத்துக்கு நேரே கேட்டார். பேச்சுவார்த்தைக்குப் போன எவனுக்கும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போகும் வாக்கியம் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

2000-இல் அதே போலினின் அணியில் ஜோர்டன் பங்குதாரராகவும் ஆட்ட நிர்வாகத்தின் தலைவராகவும் சேர்ந்தார். அடுத்த வருடம் மீண்டும் ஆட ஆசை வந்தது. ஆடுகிற வீரர் அணியில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. பங்கை விற்றார், பதவியை விட்டார், 38 வயதில் களமிறங்கினார். இரண்டு சீசனும் அரங்கம் நிரம்பி வழிந்தது. 2003 மே மாதம், ஆட்டம் முடிந்து பழைய பதவிக்குத் திரும்பலாம் என்று போலினின் அறைக்குப் போனார். அங்கே, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லீகுக்கே முகமாக இருந்த மனிதர், சில நிமிடங்களில் வேலை இழந்து வெளியே வந்தார்.

அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, பங்குதாரராக இருந்தால் போதாது, பெரும்பங்கு நம் கையில் இருக்க வேண்டும் என்பது. 2010-இல் ஷார்லட் அணியின் பெரும்பங்கை ஏறத்தாழ 27.5 கோடி டாலர் மதிப்பில் வாங்கினார். அடுத்த வருடமே இன்னொரு கதவடைப்பு. வீரர்களுக்கு லீக் வருமானத்தில் 57 சதவீதம் போய்க்கொண்டிருந்தது, அதை 50-ஐ ஒட்டிக் குறைக்க வேண்டும் என்பது உரிமையாளர்களின் கோரிக்கை. அதில் கடும்போக்குக் காட்டிய உரிமையாளர்களில் ஜோர்டனும் இருந்ததாகச் செய்தி வந்தது. இளம் வீரர்கள் கொதித்தார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. சங்கத்தில் தோளோடு தோள் நின்றவர் மேலாளராகப் பதவி உயர்ந்த மறுமாதம் என்ன பேசுவார் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். கடைசியில் வீரர்களின் பங்கு 49-லிருந்து 51 சதவீதத்துக்குள் வந்து நின்றது.

அந்தக் கதவடைப்பு முடிந்த சீசனில் ஷார்லட் 66 ஆட்டங்களில் 7-இல் மட்டும் வென்றது. அவர் காலம் முழுக்க ஒரு பிளே ஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. 2023-இல் பெரும்பங்கை விற்றபோது அணியின் மதிப்பு 300 கோடி டாலர். ஆறு கோப்பை வென்ற காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைவிட, தோற்றுக்கொண்டே இருந்த அணியை வைத்திருந்ததில் அவருக்குக் கிடைத்தது பல மடங்கு.

கேள்வி: வீரர்களுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? யாராவது போராடினார்களா, தானாகக் கிடைத்ததா?

பதில்: தானாகக் கிடைத்த ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

1964 ஜனவரி 14, பாஸ்டன் கார்டன் அரங்கம். வெளியே பனி. லீகின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நேரடியாக வரவிருக்கிறது. அப்போது வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. சீசன் இல்லாத மாதங்களில் பலரும் வேறு வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். ஓய்வூதியத் திட்டத்தைப் பேசுவோம், பேசுவோம் என்று உரிமையாளர்கள் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சங்கத் தலைவர் டாம் ஹெய்ன்சன். அன்று மாலை வீரர்கள் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓய்வூதியத்துக்குக் கமிஷனர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் இல்லை.

உள்ளே யார் யார் என்று பாருங்கள். பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லெய்ன், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர். எல்லோரும் ஒரே குரலில் இருந்தார்கள் என்று சொன்னால் பொய். ஆடிவிட்டுப் பேசலாம் என்றவர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் லேக்கர்ஸ் உரிமையாளர் பாப் ஷார்ட், கதவருகே நின்ற காவலர் மூலம் தன் வீரர்கள் வெஸ்ட்டுக்கும் பெய்லருக்கும் சொல்லியனுப்பினார்: உடனே வெளியே வராவிட்டால் உங்கள் கதை முடிந்தது. பெய்லர் திருப்பியனுப்பிய பதிலைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. தயங்கிக்கொண்டிருந்தவர்களும் அதோடு உறுதியாகிவிட்டார்கள். நான் பார்த்த வேலைநிறுத்தங்களிலும் இப்படித்தான். ஆளைச் சேர்ப்பதற்குச் சங்கம் ஒரு மாதம் பாடுபடும், முதலாளியின் ஒரு மிரட்டல் பத்து நிமிடத்தில் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஒளிபரப்பு நேரம் நெருங்க, கென்னடி இறங்கிவந்து வாக்குக் கொடுத்தார். ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. ராபர்ட்சன் 26 புள்ளி எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அவரே அடுத்து சங்கத் தலைவராகி, வீரரை ஒரே அணியோடு கட்டிப்போடும் விதிக்கு எதிராக 1970-இல் வழக்குப் போட்டார். 1976-இல் சமரசம் ஆனது. அப்படியும், பழைய அணி தடுக்கவே முடியாதபடி முழுச் சுதந்திரத்தோடு ஒரு வீரர் அணி மாற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் ஆள் டாம் சேம்பர்ஸ், சியாட்டிலைவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போனார்.

கேள்வி: நல்ல முதலாளிக்கு ஓர் உதாரணம்?

பதில்: கோல்டன் ஸ்டேட் அணியின் உரிமையாளர் ஜோ லேகப்பின் ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 2012 மார்ச் 19. கோல்டன் ஸ்டேட் அரங்கத்தில் முன்னாள் நட்சத்திரம் கிறிஸ் மல்லினின் 17-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுக்கும் விழா. சில நாள் முன்புதான் ரசிகர்களின் செல்லப்பிள்ளை மான்டா எல்லிஸைக் கொடுத்துவிட்டுக் காயத்தில் இருந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கியிருந்தார்கள். லேகப் மைக்கைப் பிடித்ததும் அரங்கமே ஊளையிட்டது, நிற்கவே இல்லை. மல்லின் வந்து சமாதானம் செய்தும் கேட்கவில்லை. லேகப் பதிலுக்குக் கத்தவில்லை, யாரையும் பலிகொடுக்கவில்லை, டிரேடு சரிதான் என்று நின்றார். இளம் வீரர் ஸ்டீபன் கரி அணியின் முதன்மை வீரராக வழிவிட்ட டிரேடு அது. 2015-இல் கோப்பை வந்தது. நல்லவரா என்று தெரியாது. அடி வாங்கத் தெரிந்தவர்.

கேள்வி: மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே ஓர் என்.பி.ஏ. அணிக்கு உரிமையாளர் என்பது நமக்குப் பெருமைதானே?

பதில்: பெருமைப்படுங்கள், தடையில்லை. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியை சியாட்டிலுக்குக் கொண்டுபோகவிருந்தார்கள். 2013-இல் உரிமையாளர் வாரியம் 22-க்கு 8 என்று அதை நிராகரித்தது, ரணதிவே குழு வாங்கியது, அணி ஊரிலேயே தங்கியது. அந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கக் கூடாது.

ஆனால் 2014 டிசம்பரில் அவர் நிர்வாகம் பயிற்சியாளர் மைக் மலோனை நீக்கியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அணி அப்போது 11 வெற்றி, 13 தோல்வி. முதன்மை வீரர் டிமார்கஸ் கசின்ஸ் மூளைக்காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்தான் தோல்விகள் குவிந்தன. கசின்ஸ் யார் பேச்சையும் கேட்காதவர் என்று பெயரெடுத்தவர். மலோன் பேச்சைக் கேட்டார். அந்த உறவின் விலை மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மலோன் டென்வருக்குப் போய், நிக்கோலா யோகிச்சோடு 2023-இல் அந்த அணியின் முதல் கோப்பையை வென்றார்.

அந்த டென்வரே 2025 ஏப்ரல் 8 அன்று, வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டம் மிச்சமிருக்கும்போது, மலோனை நீக்கிவிட்டது. சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதை மூன்று முறை வாங்கிய யோகிச்சிடம் உரிமையாளர் தரப்பில் ஜாஷ் குரோன்கே முன்கூட்டியே சொன்னார். கலந்துபேசவில்லை, முடிவைச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்று யோகிச்சே பின்னர் விளக்கினார். உலகின் தலைசிறந்த வீரருக்கே அவ்வளவுதான் இடம் என்றால், 'வீரர்கள் ராஜ்ஜியம்' என்று எழுதியிருக்கும் வாசகர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: எப்போதும் வீரர்கள் பக்கமே பேசுகிறீர்கள். கெவின் டூரண்ட் செய்தது நியாயமா?

பதில்: இல்லை. புரூக்ளின் அணியோடு போட்ட 4 வருட ஒப்பந்த நீட்டிப்பு நடைமுறைக்கு வரும் முன்பே, 2022 ஜூன் கடைசியில், வேறு அணிக்கு அனுப்பச் சொன்னார். ஆகஸ்டில் உரிமையாளர் ஜோ சாயிடம், நானா அல்லது பொது மேலாளரும் பயிற்சியாளருமா என்று கேட்டார். சாய் நிர்வாகத்தின் பக்கம்தான் என்று பகிரங்கமாகவே சொன்னார். அது சரியான பதில். ஆனால் நவம்பர் முதல் தேதி பயிற்சியாளர் ஸ்டீவ் நாஷ் இல்லை, பிப்ரவரியில் டூரண்டும் இல்லை. கையெழுத்துப் போட்டவன் ஒரு சீசனாவது ஆட வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் கேட்டு வருகிறவர்களை நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

கேள்வி: பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சாதாரண வீரருக்கு இந்த பலத்தில் பங்கு உண்டா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: இந்த முறை வந்ததிலேயே நல்ல கேள்வி. அணிக்கு 15 முழு ஒப்பந்த வீரர்கள். அதில் கடைசி இரண்டு மூன்று பேருக்குப் பல அணிகளில் உத்தரவாதமில்லாத ஒப்பந்தம். ஜனவரி 10 அன்று எல்லா ஒப்பந்தங்களும் உறுதியாகும். அதற்கு முன் கழித்துக்கட்ட வேண்டுமென்றால் 7-ஆம் தேதிக்குள் அறிவிக்க வேண்டும். அதனால் ஜனவரி முதல் வாரத்தில் இவர்கள் தொலைபேசி மணி அடித்தாலே பயப்படுவார்கள். 5-ஆம் தேதியிலிருந்து 10 நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். ஒரே அணி ஒரு வீரருக்கு அப்படி இரண்டு முறை தரலாம். அப்புறம் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். இவர்கள் யாரும் பயிற்சியாளரை மாற்றச் சொல்வதில்லை.

இவர்களுக்குக் கிடைப்பது சங்கத்தின் வழியாக வருவதுதான். குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வூதியம். 2016-இல் கிறிஸ் பால் தலைவராகவும் லெப்ரான் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தபோது, லீகில் 3 வருடமாவது ஆடி ஓய்வுபெற்ற எல்லோருக்கும் சங்கமே மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது என்று வீரர்கள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். வாக்களித்த நட்சத்திரங்களில் ஒருவருக்கும் அந்தக் காப்பீடு தேவைப்படாது.